ஏழு லாரிகளும் மூன்றாம் தலைமுறையும்: எடுத்து நடத்துவதா, பங்கு பிரித்து ஒதுங்குவதா?

மேட்டுக்காட்டான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் எங்கள் குடும்பம் 1969 முதல் லாரி நடத்தி வருகிறது. மழை பொய்த்த மேட்டுக்காட்டில் நிலக்கடலையும் சோளமும் விதைத்துச் சலித்துப்போன எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா), பிறருடைய வண்டியில் கிளீனராக ஏறி, பின்னர் ஓட்டுநராகி, காட்டை அடமானம் வைத்து ஒரு பழைய பென்ஸ் லாரியை வாங்கினார். அப்பா 1986இலும் சித்தப்பா 1991இலும் தொழிலுக்கு வந்தார்கள். அப்பாரு காலமாகி வெகுநாளாகிறது. அப்பத்தா போன ஆண்டு மறைந்தார். அத்தை ஒருவர் திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்.

இப்போது எங்களிடம் ஏழு வண்டிகள் இருக்கின்றன. பத்துச் சக்கர வண்டிகள் நான்கு, பன்னிரண்டு சக்கர வண்டிகள் இரண்டு, உள்ளூர் நடைக்கென்று வைத்திருக்கும் பழைய ஆறு சக்கர வண்டி ஒன்று. மூன்று அப்பா பெயரிலும், இரண்டு சித்தப்பா பெயரிலும், ஒன்று அம்மா பெயரிலும், ஒன்று இன்றுவரை அப்பத்தா பெயரிலும் உள்ளன. யார் பெயரில் எது என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கடன் வாங்கிய நேரத்தில் யாருடைய பெயருக்குக் கடன் கிடைத்ததோ அவர் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். வரவு செலவு இன்றுவரை ஒன்றாகத்தான் நடக்கிறது.

எனக்கு வயது 34. இயந்திரவியல் படித்துவிட்டு பெங்களூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு 63 வயதாகிறது. சர்க்கரை நோயோடு சென்ற ஆண்டு இதய அறுவை சிகிச்சையும் ஆயிற்று. நள்ளிரவில் மகாராஷ்டிரத்திலிருந்து ஓட்டுநர் அழைத்தால் எழுந்து பேசும் நிலையில் அவர் இல்லை. சித்தப்பாவின் மகனுக்கு 23 வயது. அவன் டிப்பர் வாங்கி மணல், ஜல்லித் தொழிலுக்குப் போக விரும்புகிறான். "உனக்கு விருப்பமிருந்தால் வா, இல்லையென்றால் பங்கு பிரித்துவிடலாம்" என்று சித்தப்பா நாகரிகமாகவே சொல்லிவிட்டார். அப்பா எதுவும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகச் சுமையாக இருக்கிறது.

என் கேள்விகள் மூன்று. இன்றைய நிலையில் ஏழு வண்டிகளை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? பிரிப்பதென்றால் வண்டிகளை எந்தக் கணக்கில் பிரிப்பது? எடுத்து நடத்துவதென்றால் நான் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? ஒரு லாரியை நானே ஓட்டியதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சங்ககிரி பழைய லைன் எழுதிய பதில்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபோது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய என் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. நானும் இரண்டாம் தலைமுறைதான். என் மகன் மூன்றாம் தலைமுறையாக வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் "ஏழு வண்டிகளை எடுத்து நடத்துவதா" என்று கேட்டிருக்கிறீர்கள். லாரித் தொழிலில் வண்டி பரம்பரைச் சொத்தாக வருவதில்லை. காடு தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும். லாரி அப்படி வராது. பிற மாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்வதற்கான நேஷனல் பெர்மிட்டுக்கு ஆறு சக்கர வண்டி என்றால் 12 ஆண்டு, பத்து, பன்னிரண்டு சக்கரம் போன்ற பல அச்சு வண்டி என்றால் 15 ஆண்டுதான் வயது வரம்பு. அதற்குப் பிறகு அது உள்ளூரில் செங்கல்லும் மாட்டுத் தீவனமும் ஏற்றும் வண்டியாகிவிடும். உங்கள் ஆறு சக்கர வண்டிக்கு நேர்ந்ததும் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் அப்பாருவின் பென்ஸ் எந்தப் பழைய இரும்புக் கடையில் முடிந்ததென்று உங்கள் அப்பாவுக்கே நினைவிருக்காது. ஆனால் அந்த வண்டியின் பெயரைச் சொன்னால் முன்பணம் கேட்காமல் லோடு கொடுக்கிற புக்கிங் ஆபீஸ், மாதக் கடைசியில் கணக்கு வைத்துக்கொள்ளும் டீசல் பங்க், ஆறு டயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு "அடுத்த நடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் டயர் கடை, தீபாவளிக்கு முன்கூட்டியே வந்து நிற்கும் ஓட்டுநர்கள் ஆகியவைதான் உங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாகச் சேர்ந்த சொத்து. பங்கு பிரிக்கும்போது வண்டிகளை எளிதாகப் பிரித்துவிடலாம். அந்த வரவு வழிகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பங்காளிகளுக்குள் பேச்சு முறியும்.

எனக்கு என் அப்பா தொழிலைக் கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். 1983இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னைக் கல்லாவில் உட்கார வைக்காமல், ஓர் ஆண்டு முழுவதும் கிளீனராக அனுப்பினார். அதுவும் எங்கள் வண்டியில் இல்லை, வேறொருவர் வண்டியில். தார்ப்பாய் கட்டவும், கயிறு முடிச்சு போடவும், மழையில் லோடு நனைந்தால் சரக்குக்காரரிடம் என்ன பேச வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அக்காலத்தில் நேஷனல் பெர்மிட் என்றால் சொந்த மாநிலத்தோடு குறைந்தது மூன்று மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக வரைவோலை எடுக்க வேண்டும். 2010இல்தான் நாடு முழுமைக்கும் ஒரே கட்டணம் என்ற முறை வந்தது. இப்போது ஆண்டுக்கு 16,500 ரூபாய். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. மாநில எல்லையில் ஒரு பகலும் ஓர் இரவும் வண்டி நின்ற காலத்தைப் பார்த்தவனுக்கு இது சிறிய மாற்றமில்லை. அதே நேரத்தில், எந்தச் சாவடியில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று என் தந்தை எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை முழுவதும் ஒரே நாளில் பயனற்றதாகிவிட்டது. என் மகன் கற்றது ஈ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில் அது உயிரோடிருக்கும். வழியில் வண்டி பழுதாகி நின்றால் காலாவதியாகும் நேரத்துக்கு முன்னோ பின்னோ எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். இதை எங்கள் பழைய ஓட்டுநர்களுக்குப் புரியவைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

உங்கள் முதல் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக் போய், அங்கிருந்து வெங்காயம் ஏற்றித் திரும்பும் ஒரு பத்துச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போக ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர், வர அதே அளவு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 625 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 57,500 ரூபாய். இதன்மேல் சுங்கம், ஓட்டுநர் சம்பளமும் படியும், ஏற்று கூலி, இறக்கு கூலி, தேய்கிற பத்து டயர்களின் பங்கு ஆகியவை வருகின்றன. மாதத் தவணையும் காப்பீடும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்பதில்லை. இந்த எடை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 44,000 ரூபாய் ஆகிறது. போகும் வாடகை இந்தச் செலவுகளோடு சரியாகிவிடும். திரும்பு லோடு எத்தனை நாளில் கிடைக்கிறது என்பதில்தான் வீட்டுக்கு வரும் பணம் இருக்கிறது. நாசிக்கில் நான்கு நாள் காத்திருந்தால் மாதத்துக்கு ஒரு நடை குறையும். அந்த ஒரு நடைதான் உங்கள் லாபம். ஆகவே ஏழு வண்டிகளால் பிழைக்க முடியுமா என்றால், திரும்பு லோடுக்கு நான்கு ஊர்களில் நம்பிக்கையான ஆள் இருந்தால் முடியும், இல்லாவிட்டால் எழுபது வண்டிகள் இருந்தாலும் முடியாது.

உங்கள் படிப்பு உதவுமா என்றும் யோசித்தேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டிகளில், எங்கள் தலைமுறை கைவிரலால் தொட்டுக் கண்டுபிடித்த பழுதுகள் எல்லாம் சென்சாருக்குள் போய்விட்டன. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் தரம் கெட்டால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சாலையோர மெக்கானிக் கையை விரித்துவிடுகிறார். இந்த இடத்தில் நீங்கள் உங்கள் அப்பாவைவிடத் தேர்ந்தவராக இருக்கக்கூடும். ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு செல்பேசியில் நடத்தலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். வண்டியில் ஜிபிஎஸ் இருப்பதால் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். ஏன் நிற்கிறது என்று அது சொல்லாது.

ஆவணக்காரர் எழுதிய பதில்:

வணக்கம். போக்குவரத்து அலுவலக ஆவணங்களும் வண்டி உரிமையாளர்களின் வருமான வரிக் கணக்குகளும் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தொழிலை எடுப்பதா வேண்டாமா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு உங்கள் பதிவில் ஒரு வரிதான் கண்ணை உறுத்துகிறது: "ஒன்று இன்றுவரை அப்பத்தா பெயரிலும் உள்ளன."

உரிமையாளர் இறந்தால், வண்டியைக் கையில் வைத்திருக்கும் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு இறப்பையும், தாம் வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவதையும் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் மூன்று மாதங்கள் வரை தம்முடைய வண்டி போலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதங்களுக்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட்டுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 82ஆம் பிரிவு இதே 30 நாள், மூன்று மாதக் கணக்கைத்தான் சொல்கிறது. அப்பத்தா மறைந்தது போன ஆண்டு என்கிறீர்கள். அப்படியானால் அந்த வண்டி இறந்தவருடைய பெர்மிட்டில் பல மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் விபத்து ஏதும் நேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள். செல்லத்தக்க பெர்மிட் இல்லாத வண்டியால் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. ஓர் உயிரிழப்புக்கான இழப்பீடு உங்கள் வண்டியின் விலையைவிடப் பல மடங்காக இருக்கக்கூடும். இந்தப் பதிவைப் படித்தவுடன் அந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு, லோடு இறங்கியதும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்று தயங்கி இன்னும் தள்ளிப்போடாதீர்கள். தக்க காரணம் இருந்தால் தாமதமான விண்ணப்பத்தையும் ஏற்க அதிகாரிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்பாவின் அறுவை சிகிச்சை ஆவணங்களை உடன் எடுத்துச் செல்லுங்கள். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை உறுதிமொழி ஆகியவை வேண்டும். இங்கே பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். அப்பத்தாவின் வாரிசுகள் உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமல்லர். அத்தையும் சம வாரிசு. அவருடைய கையெழுத்து இல்லாமல் வண்டி யார் பெயருக்கும் போகாது.

அடுத்தது கடன். அப்பா பெயரிலுள்ள வண்டிக் கடனுக்குச் சித்தப்பா ஜாமீன், சித்தப்பா கடனுக்கு அப்பா ஜாமீன் என்றுதான் பெரும்பாலான குடும்பங்களில் இருக்கும். வண்டிகளைப் பிரித்து எழுதிவிட்டு ஜாமீனைப் பிரிக்காமல் விட்டால், நாளை தம்பி டிப்பரில் நட்டப்படும்போது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஒவ்வொரு கடனுக்கும் நிலுவை எவ்வளவு, ஜாமீன் யார் என்று நிதி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

வருமான வரியில், எந்த நேரத்திலும் பத்து வண்டிகளுக்கு மேல் இல்லாத உரிமையாளருக்கு மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. 44ஏஇ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மொத்த எடை (வண்டியும் பாரமும் சேர்த்து) 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். 28.5 டன் பத்துச் சக்கர வண்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,42,000 ரூபாய் ஆகிறது. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் உங்கள் பெயரில் இருக்கும் மாதங்களுக்கு இந்தக் கணக்கு ஓடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஏழு வண்டிகளையும் ஒரே கூட்டு நிறுவனத்தின் பெயருக்குக் கொண்டுவந்தாலும் பத்துக்குள்தான் இருக்கும். பங்குதாரர் ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொண்டால் பிரிப்பதா சேர்ந்திருப்பதா என்ற கேள்விக்கே நடுவழி கிடைக்கும். அப்பா பெயரிலுள்ள மூன்றுக்கும் அவர் நலமாக இருக்கும்போதே உயில் எழுதுவதோ, பதிவுச் சான்றில் நியமனதாரரைச் சேர்ப்பதோ நல்லது. 2021 முதல் அந்த வசதி இருக்கிறது.

விற்றுவிட்டவன் எழுதிய பதில்:

இரண்டு பெரியவர்களும் எடுத்து நடத்துவதைப் பற்றியே எழுதியிருப்பதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்கு ஒன்பது வண்டிகள் இருந்தன. 2012இல் அண்ணன் தம்பிகள் மூவரும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஒன்பது வண்டி வைத்திருந்தவரை ஓட்டுநர் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் ஏறுவார், ஒரு வண்டி நின்றால் மற்ற எட்டும் அதன் தவணையைச் சுமக்கும். மூன்று வண்டி ஆனபோது ஒன்று நின்றாலே மூன்றில் ஒரு பங்கு வருமானம் நின்றது. மூன்று பேரும் ஒரே புக்கிங் ஆபீஸ் வாசலில் ஒருவருக்கொருவர் வாடகையைக் குறைத்துச் சொல்லும் நிலை வந்தது. 2018இல் அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, 25 டன்னாக இருந்த பத்துச் சக்கர வண்டி 28.5 டன் ஆயிற்று. கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று முதலில் மகிழ்ந்தோம். சந்தையில் சரக்கு அதே அளவு இருக்க, வண்டிகளின் கொள்ளளவு மட்டும் கூடினால் வாடகை எங்கே ஏறும்? அடுத்த ஆண்டே என் மூன்றையும் விற்றேன். இன்று கோழித்தீவன ஆலை ஒன்றில் போக்குவரத்துப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லாரிக்காரர்களிடம் வாடகையைக் குறைத்துப் பேசுவதுதான் என் வேலை என்பது வேறு கதை.

விற்பது அவமானமில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பிரித்து நடத்துவதைவிடச் சேர்த்து விற்பது மேல்.

தாரமங்கலம் அக்கா எழுதிய பதில்:

தம்பி, என் கணவர் 2016இல் காலமானபோது எங்களுக்கு நான்கு வண்டிகள் இருந்தன, இரண்டு தவணையில் இருந்தன. என் தம்பி உட்பட எல்லோரும் விற்கச் சொன்னார்கள். நான் விற்கவில்லை, இன்றும் அதே நான்குதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அப்பாரு, அப்பா, சித்தப்பா, தம்பி என்று எல்லோரையும் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி, ஒரு வண்டி அவர் பெயரில் இருப்பதைத் தவிர, எதுவுமே இல்லை. லாரிக்காரர் வீட்டில் அப்பா புக்கிங் ஆபீஸில் இருக்கும்போது, இரவில் ஓட்டுநரின் அழைப்பை எடுத்தவர் யார்? நடை முடிந்து வந்த ஓட்டுநருக்குச் சோறு போட்டுவிட்டு, டீசல் சீட்டும் சுங்கச் சீட்டும் வாங்கி வைத்தவர் யார்? நான் தொழிலைக் கற்றது என் கணவரிடம் இல்லை, என் மாமியாரிடம். எந்த ஓட்டுநர் முன்பணம் வாங்கினால் திருப்பித் தருவார், யாருக்கு வீட்டில் சண்டை, யாரைத் தொலைவு நடைக்கு அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. நீங்கள் கற்க வேண்டியது என்ன என்று எங்களைக் கேட்பதற்கு முன், உங்கள் அம்மாவின் கணக்கு நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சங்ககிரி ஐயா சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கவலை அதுதான். என்னிடம் இருக்கும் ஓட்டுநர்களில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒரே ஒருவர். அவர்களுடைய பிள்ளைகள் யாரும் வண்டி ஏறவில்லை. ஏறக் கூடாது என்றுதான் அவர்கள் படிக்க வைத்தார்கள். முதலாளி வீட்டில் மூன்றாம் தலைமுறை வருமா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஓட்டுநர் வீட்டில் இரண்டாம் தலைமுறையே வரவில்லை. கிளீனரை வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது என்று நாமே நிறுத்திவிட்டோம். கிளீனராக இருந்துதானே உங்கள் அப்பாரு ஓட்டுநர் ஆனார்? 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றபோது பலர் செலவைச் சொல்லி முணுமுணுத்தார்கள். மே மாதத்தில் நாக்பூர் சாலையில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுபவரை ஒரு முறை நினைத்துப் பார்த்தால் முணுமுணுக்கத் தோன்றாது. எடுத்து நடத்துவதென்றால், ஏழு ஓட்டுநர்களின் வீட்டுக்கும் ஒரு முறை நேரில் போய் வாருங்கள். வண்டிகளைப் பிரித்தால் ஓட்டுநர்கள் யாருடன் போவார்கள் என்பதும் அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மேட்டுக்காட்டான் மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் விடுப்பு எடுத்து ஊரில் இருந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஆவணக்காரர் ஐயா எழுதியதைப் படித்த அன்றே அப்பத்தா பெயரிலுள்ள வண்டியைத் தேடினேன். ஹூப்ளியைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. லோடு இறக்கியதும் காட்டுக்குக் கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். சித்தப்பா முதலில் கோபப்பட்டார், பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னதும் அமைதியாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

அக்கா சொன்னபடி அம்மாவிடம் நோட்டுகளைக் கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பரண்மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். 1994 முதல் ஒவ்வொரு நடைக்கும் தேதி, லோடு, வாடகை, டீசல், ஓட்டுநர் முன்பணம் என்று அம்மாவின் கையெழுத்தில் நாற்பத்தொரு நோட்டுகள் இருந்தன. சங்ககிரி ஐயா சொன்ன திரும்பு லோடு கணக்கைக் கடந்த ஐந்து ஆண்டு நோட்டுகளிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு சக்கர வண்டிகள் இரண்டும் நாசிக்கிலும் புனேயிலும் காத்திருந்த நாட்களாலேயே தவணைக்கு மேல் எதையும் ஈட்டவில்லை. பத்துச் சக்கர வண்டிகள்தான் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. இது அப்பாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. "பெரிய வண்டி வைத்திருக்கிறோம் என்று ஊரில் ஒரு பெயர்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் அந்த நோட்டில் கிடைத்தது. 1998இல் ஒரு சேசிஸ் (கூண்டு கட்டாத புது வண்டி) எடுக்கும்போது, முன்பணத்துக்காக அத்தையின் நகைகளை அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். 15,000 திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. அதன் பிறகு அத்தை பெயரில் எந்த வரியும் இல்லை. அம்மா அந்தப் பக்கத்தைக் காட்டியபோது அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்து கேட்டு அத்தை வீட்டுக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு நான்தான் போனேன். அத்தை காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட வந்தார். நான் தடுத்து நோட்டை எடுத்து வைத்தேன். "இதை இன்னுமா உங்கம்மா எழுதி வைத்திருக்கிறாள்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்பத்தாவின் வண்டியில் அத்தைக்கு உரிய பங்கையும் அந்தப் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். அதனால் பிரிக்கும் கணக்கு இப்போது இரண்டு வீட்டுக் கணக்காக இல்லை, மூன்று வீட்டுக் கணக்காகிவிட்டது.

இப்போதைக்கு முடிவு இதுதான். பன்னிரண்டு சக்கர வண்டிகள் இரண்டையும் விற்றுக் கடனை அடைப்பது. அதில் மிஞ்சுவதில் முதலில் அத்தைக்கும், பிறகு தம்பியின் டிப்பருக்கான முன்பணத்துக்கும் கொடுப்பது. மற்ற ஐந்தையும் அப்பா, சித்தப்பா, அம்மா மூவரையும் பங்குதாரர்களாகக் கொண்ட ஒரே நிறுவனத்தின் பெயரில் நடத்துவது. நான் வேலையை இன்னும் விடவில்லை. ஆறு மாத ஊதியமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஜவ்வரிசி லோடுடன் நாசிக் போகும் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறுகிறேன். கிளீனர் வயதைத் தாண்டிவிட்டேன் என்று ஓட்டுநர் சிரிக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று) முடிகிறது. பெயர் மாற்றத்துக்கு முன் எஃப்சி காட்ட முடியுமா, அல்லது பெயர் மாறிய பிறகுதானா? அந்த வண்டியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கும் ஓட்டுநருக்கு நிற்கிற நாட்களுக்கும் சம்பளம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் என்று அவர் கேட்கிறார்.

ஆவணக்காரர் எழுதிய பதில்:

நல்லது செய்தீர்கள். வாரிசுச் சான்றிதழ் கையில் வந்ததும் பெயர் மாற்றத்தையும் பெர்மிட் மாற்றத்தையும் ஒன்றாக விண்ணப்பியுங்கள். எஃப்சியைப் பற்றி அன்றே அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடலாம், வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகாமல் காகிதத்தோடு மட்டும் போங்கள். நிதி நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றில் இருந்தால் அவர்களுடைய ஒப்புதல் கடிதமும் வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டுநரிடம் ஒரு மாதம் என்று சொல்லாதீர்கள், இரண்டு என்று சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.